கொங்குப் பகுதியில் ஜப்பானிய வாள்கலை தொடங்குவது எப்படி: தாள்கள், செலவு, காலம்

கோவையில் ஒரு சின்னப் பயிற்சிக் குழுவில் கெண்டோ என்ற ஜப்பானிய வாள்கலையைப் பழகுகிறேன். புதிதாக வருபவர்கள் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "வாள் எங்கங்க வாங்கறது?" வாள் வாங்குவது இந்த வழியில் கடைசியாக வரும் வேலை. முதல் மூன்று மாதத்துக்கு உங்களுக்கு வேண்டியது ஒரு நல்ல ஆசிரியர், வெறுங்காலுக்கு ஏற்ற ஒரு தரை, ஷினாய் எனப்படும் ஒரு மூங்கில் பயிற்சி வாள். அவ்வளவுதான். நான் சேர்ந்த காலத்தில் எந்தத் தாள் வேண்டும், எதற்கு எவ்வளவு ஆகும், எதற்கு எத்தனை நாள் காத்திருக்க வேண்டும் என்று சொல்ல ஆளில்லாமல் ஒவ்வொன்றுக்கும் அலைந்தேன். அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம். கீழே உள்ள வரிசையிலேயே போங்கள். விலைகள் தோராயமானவை, யென் மதிப்பையும் கூரியர் கட்டணத்தையும் பொறுத்து மாறும்.

1. எந்தக் கலை என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

வாள்கலை என்று பொதுவாகச் சொன்னாலும் உள்ளே பல கலைகள் இருக்கின்றன. சேர்ந்த பிறகு "நான் நினைத்தது இது இல்லையே" என்று விலகுபவர்கள் அதிகம். அதனால் இதில் அவசரப்பட வேண்டாம்.

கெண்டோவில் கவசம் அணிந்து, மூங்கில் ஷினாயால் எதிரே நிற்பவரை நிஜமாகவே அடித்துப் பழகுவோம். அடிக்கும் இடங்கள் தலை, மணிக்கட்டு, விலா. இவற்றோடு தொண்டைக்கு ஒரு குத்து. அடிக்கும்போது வாய்விட்டுக் கத்த வேண்டும். கூச்சம் உள்ளவர்களுக்கு முதல் சில வாரம் இதுதான் பெரிய பாடு.

இயாய்டோ தனியாகச் செய்வது. உறையில் இருக்கும் வாளை உருவி, வெட்டி, உதறி, திரும்ப உறையில் இடும் அசைவுகளை வடிவம் வடிவமாகப் பழகுவார்கள். அகில ஜப்பான் கெண்டோ கூட்டமைப்பு வகுத்த பொது வடிவங்கள் 12. முதல் சில வடிவங்கள் மண்டியிட்டு உட்கார்ந்த நிலையில் தொடங்கும், ஆகவே முழங்கால் தேய்மானம் உள்ளவர்கள் முன்னதாகவே ஆசிரியரிடம் சொல்லிவிடுங்கள்.

ஜோடோவில் 128 சென்டிமீட்டர் தடியால் வாள்காரரை எதிர்கொள்வார்கள். சிலம்பம் சுற்றிய கைகளுக்கு இது பிடித்துப்போகும். ஆனால் இங்கே சொல்லித்தர ஆள் கிடைப்பது அரிது. கென்ஜுட்சு எனப்படும் பழைய பள்ளிகளில், அந்தப் பள்ளியின் தலைமையிடம் நேரடியாக அனுமதி பெற்றவர் மட்டுமே கற்றுத்தரலாம் என்பது வழக்கம். யாராவது கற்றுத்தருவதாகச் சொன்னால் அந்த அனுமதியைப் பற்றிக் கேளுங்கள்.

என்னைக் கேட்டால், நம் பகுதியில் கலையைத் தேர்ந்தெடுத்துவிட்டு ஆசிரியரைத் தேடாதீர்கள். நல்ல ஆசிரியர் எதைச் சொல்லித்தருகிறாரோ அதில் தொடங்குங்கள். கெண்டோவில் பழகும் கால்வைப்பும் இடுப்பும் இயாய்டோவுக்கு அப்படியே உதவும். ஜப்பானில் பலர் இரண்டையும் சேர்த்தே செய்கிறார்கள்.

2. ஆசிரியரை விசாரியுங்கள்

பணமும் நேரமும் வீணாவது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான். கராத்தே வகுப்பிலேயே "சாமுராய் வாள் பயிற்சி" என்று ஒரு மணி நேரம் சேர்த்து நடத்துபவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் நேர்மையானவர்களும் உண்டு, வீடியோ பார்த்துச் சொல்லித்தருபவர்களும் உண்டு. இருவரையும் பிரித்தறிவதற்குச் சில வழிகள் இருக்கின்றன.

கெண்டோவிலும், கூட்டமைப்பு வழி இயாய்டோவிலும் நிற பெல்ட் கிடையாது. முதல் நாள் வந்தவரும் 8-ஆம் டான் (தேர்வு எழுதிப் பெறும் உயர்நிலைத் தரம்) பெற்றவரும் ஒரே மாதிரி உடைதான் அணிவார்கள். "ஆறு மாதத்தில் கெண்டோ பிளாக் பெல்ட்" என்று நோட்டீஸ் அடித்திருந்தால் அங்கே போக வேண்டாம்.

அடுத்து, அவருடைய டான் எத்தனை, எந்த ஆண்டு, எந்தக் கூட்டமைப்பின் தேர்வில் பெற்றார் என்று மரியாதையாகக் கேளுங்கள். உண்மையாகப் பெற்றவர் கோபப்பட மாட்டார். சான்றிதழை எடுத்துக் காட்டுவார். அவர் சொல்லும் கணக்கை நீங்களே சரிபார்க்கலாம். முதல் டானிலிருந்து இரண்டாம் டானுக்கு 1 ஆண்டு, அடுத்ததற்கு 2, பிறகு 3, 4, 5, 6 ஆண்டுகள் இடைவெளி வேண்டும். ஏழிலிருந்து எட்டுக்கு 10 ஆண்டுகள், அதோடு 46 வயதும் நிரம்பியிருக்க வேண்டும். இவை குறைந்தபட்சம்தான், பெரும்பாலானவர்களுக்கு இன்னும் அதிகமாகும். ஆக, 30 வயதுக்காரர் ஒருவர் தன்னை 8-ஆம் டான் கிராண்ட் மாஸ்டர் என்று சொல்லிக்கொண்டால் கணக்கு இடிக்கிறது.

உலக அளவில் கெண்டோ, இயாய்டோ, ஜோடோ மூன்றுக்கும் பொதுவான அமைப்பு 1970-இல் தொடங்கிய சர்வதேச கெண்டோ கூட்டமைப்பு. உறுப்பு அமைப்புகளின் பட்டியல் அதன் இணையதளத்திலேயே இருக்கிறது. உங்கள் ஆசிரியர் சொல்லும் அமைப்பின் பெயர் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். பெயரில் "இன்டர்நேஷனல்", "வேர்ல்டு" என்று இருப்பதால் மட்டும் ஒரு அமைப்பு அந்தக் கூட்டமைப்பைச் சேர்ந்ததாகிவிடாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நம் ஊர்களில் குழு நடத்துபவர் முதல் டானாகவோ, இன்னும் டான் பெறாதவராகவோ இருக்கலாம். அது குறையில்லை. "நானும் கற்றுக்கொண்டுதான் இருக்கிறேன், பெங்களூருவில் இருக்கும் என் மூத்தவர் வந்து திருத்துவார்" என்று வெளிப்படையாகச் சொல்பவரை நம்பிச் சேரலாம். எனக்கு அடிப்படை சொல்லித்தந்தவர் அப்படிப்பட்டவர்தான். அவர் கட்டிய அஸ்திவாரத்தில் இன்றுவரை பழுதில்லை.

பண விஷயத்தில் மூன்று பொறிகள். ஓராண்டுக் கட்டணத்தை முன்பணமாகக் கேட்பது முதலாவது. நான் விசாரிக்கப் போன ஓர் இடத்தில் ஓராண்டுக் கட்டணம், உடை, கூடவே ஒரு "கட்டானா" (ஜப்பானிய வாள்) என்று எல்லாவற்றையும் சேர்த்து ஒரே தொகையாகக் கேட்டார்கள். ரசீது கேட்டதும் பேச்சு மாறியது. இரண்டாவது பொறி, ஸ்போர்ட்ஸ் கோட்டா ஆசை. இந்தச் சான்றிதழுக்குக் கல்லூரி இடமோ அரசு வேலையோ கிடைக்கும் என்று பெற்றோரிடம் சொன்னால், இந்த விளையாட்டின் பெயர் இடம்பெற்ற அரசாணையின் நகலைக் கேளுங்கள். வாய்வார்த்தையை நம்பிப் பணம் கட்டாதீர்கள். மூன்றாவது, சேர்ந்த வாரமே "முழு செட்" வாங்கச் சொல்வது. முதல் மூன்று மாதத்தில் உங்களுக்குக் கவசம் தேவையே படாது.

3. ஒரு வகுப்பை உட்கார்ந்து பாருங்கள், தரையையும் பாருங்கள்

நல்ல குழு எதுவும் பார்வையாளரைத் தடுக்காது. முன்கூட்டியே போன் செய்து, "ஒரு நாள் வந்து பார்க்கலாமுங்களா?" என்று கேட்டுவிட்டுப் போங்கள். பத்து நிமிடம் முன்னதாகப் போய், செருப்பை வெளியே விட்டு, ஓரமாக உட்காருங்கள். கீழே கிடக்கும் ஷினாயை ஒருபோதும் தாண்டாதீர்கள், கேட்காமல் தொடாதீர்கள். பயிற்சி முடிந்த பிறகு ஆசிரியரிடம் பேசுங்கள்.

பார்க்கும்போது கவனிக்க வேண்டியது, பயிற்சிக்கு முன் ஷினாய்களைச் சரிபார்க்கிறார்களா என்பது. பிளந்த மூங்கிலோடு யாரையாவது பயிற்சிக்கு விட்டால் அந்த இடம் வேண்டாம். முகக்கவசத்தின் கம்பிகளுக்கு இடையே ஒரு சிம்பு நுழைந்தால் போவது கண். சின்னப் பிள்ளைகளையும் பெரியவர்களையும் கவசமில்லாமல் மோதவிடும் இடமும் வேண்டாம்.

அப்புறம் தரை. கெண்டோ வெறுங்காலில் செய்வது; அடிக்கும்போது வலது காலை ஓங்கி மிதிப்போம். இதற்கு ஏற்றது, அடியில் இடைவெளி விட்டுப் பலகை போட்ட மரத்தரை. நம் பகுதியில் மரத்தரை கிடைப்பது பெரும்பாலும் உள்ளரங்கப் பேட்மின்டன் கோர்ட்டுகளில்தான். மேலே சிந்தெடிக் விரிப்பு ஒட்டிய கோர்ட்டாக இருந்தால் உள்ளங்கால் பிடித்துக்கொண்டு தோல் உரியும். விரிப்பில்லாத பலகைத் தரை நல்லது. கல்யாண மண்டபத்து கிரானைட்டிலும் மொட்டை மாடி சிமென்ட்டிலும் கால்வைப்பையும் வாள்வீச்சையும் பழகலாம். ஆனால் அங்கே ஓங்கி மிதிக்கும் பயிற்சி கூடாது. குதிகால் வலி வந்துவிட்டால் மாதக்கணக்கில் போகாது. உங்கள் குழு சிமென்ட் தரையில் நடந்தால், "மிதிப்பதை எங்கே பழகுவோம்?" என்று கேளுங்கள். அவர்கள் சொல்லும் பதிலே அவர்களுடைய அக்கறையைக் காட்டிவிடும்.

4. சேரும்போது கொடுக்கும் தாள்கள்

இது எளிது. விண்ணப்பப் படிவம், ஆதார் நகல், இரண்டு பாஸ்போர்ட் அளவுப் படம், அவசரத்துக்கு அழைக்க வேண்டிய இருவரின் எண். 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்குப் பெற்றோர் கையெழுத்திட்ட சம்மதக் கடிதமும், பிறந்த தேதிக்கான சான்றும். ஆதார் நகல் கொடுக்கும்போது, எதற்காகக் கொடுக்கிறீர்கள் என்பதையும் தேதியையும் அதன் மேலேயே எழுதிக் கையெழுத்திடுங்கள்.

குழு கேட்காவிட்டாலும் ஒரு மருத்துவச் சான்று வாங்கிக்கொள்ளுங்கள். ரத்த அழுத்தம், இதயம், ஆஸ்துமா, முழங்கால், குதிகால் நரம்பு ஆகியவற்றைப் பார்த்துவிட்டு டாக்டர் ஒரு தாளில் எழுதித்தந்தால் போதும். 40 வயதைத் தாண்டியவர்கள் இதைத் தவிர்க்கவே கூடாது.

காப்பீட்டையும் சேரும் முன்பே பாருங்கள். வருடம் 20 ரூபாய்க்கு வங்கியில் பிடிக்கும் பிரதமரின் விபத்துக் காப்பீடு மரணத்துக்கும் ஊனத்துக்கும் மட்டும்தான். கை முறிந்தால் ஆகும் ஆஸ்பத்திரிச் செலவை அது தராது. உங்களிடம் மருத்துவக் காப்பீடு இருந்தால், தற்காப்புக்கலைப் பயிற்சியில் படும் காயம் அதில் அடங்குமா என்று நிறுவனத்திடம் மின்னஞ்சலில் கேட்டு, வரும் பதிலைப் பத்திரப்படுத்துங்கள். போனில் சொல்வதை அப்புறம் காட்ட முடியாது.

5. முதல் மூன்று மாதம்: என்ன நடக்கும், என்ன செலவாகும்

சமூகக் குழுக்களில் கட்டணம் என்பது தரை வாடகையைப் பங்கிட்டுக்கொள்வதுதான். வாரம் இரண்டு முறை என்றால் மாதம் 800 முதல் 1,500 ரூபாய் வரை ஆகலாம். சேர்க்கைக் கட்டணமாக ஒரு சிறு தொகை இருக்கலாம். எதற்கும் ரசீது கேளுங்கள். ஜிபேயில் அனுப்பினால் எந்த மாதத்துக்கு என்பதைக் குறிப்பில் எழுதுங்கள்.

இந்தக் காலத்தில் வணக்கம் செய்யும் முறை, வாளைப் பிடிக்கும் முறை, வழுக்கிப்போவது மாதிரியான கால்வைப்பு, சுபுரி எனப்படும் வாள்வீச்சு ஆகியவைதான் வரும். திரும்பத் திரும்ப அதுவே. சலிப்பாக இருக்கிறது என்று விலகுபவர்கள் இந்தக் கட்டத்தில்தான் விலகுகிறார்கள். பொறுத்துக்கொள்ளுங்கள். கவசம் போட்ட நாளிலிருந்து இந்தப் பயிற்சி மட்டும்தான் உங்களைத் தாங்கும்.

சிலம்பமோ கிரிக்கெட்டோ பழகியவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கெண்டோவில் வாளை ஓட்டுவது இடது கை. இடது கையின் சுண்டுவிரலும் மோதிரவிரலும் இறுக்கிப் பிடிக்கும். வலது கை திசை காட்டினால் போதும். வலது கையில் பலம் போட்டால் முழங்கை வலிக்கும், வீச்சும் கோணும். இடது சுண்டுவிரலின் அடியில் கொப்புளம் வந்தால் சரியாகப் பிடிக்கிறீர்கள் என்று அர்த்தம். வலது உள்ளங்கையில் வந்தால் ஆசிரியரிடம் காட்டுங்கள்.

மார்ச் முதல் மே வரை காலை 6 மணிக்கு நடக்கும் வகுப்பாகப் பார்த்துச் சேருங்கள். முதல் நாள் இரவே போதிய தண்ணீர் குடித்துவிட்டு வாருங்கள். உப்புப் போட்ட நீர்மோரை ஒரு பாட்டிலில் எடுத்துவந்தால் கடையில் விற்கும் எந்தப் பானமும் வேண்டியதில்லை.

6. ஷினாய் வாங்குவதும் காப்பதும்

முதல் மாதம் குழுவின் ஷினாயை இரவலாகப் பயன்படுத்துங்கள். பிறகு உங்களுக்கென்று இரண்டு வாங்குங்கள். ஒன்று உடைந்தால் அதன் நல்ல பட்டைகளை எடுத்து இன்னொன்றில் போடலாம்.

அளவில் தவறினால் பணம் வீண். 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு 39 எண். அதன் நீளம் 120 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும்; எடை ஆண்களுக்கு 510 கிராமுக்கும் பெண்களுக்கு 440 கிராமுக்கும் குறையக்கூடாது. 15 முதல் 18 வயது வரை 38 எண், நீளம் 117 சென்டிமீட்டர் வரை. 12 முதல் 15 வயது வரை 37 எண், 114 சென்டிமீட்டர் வரை. அதற்கும் சின்னப் பிள்ளைகளுக்கு 36-உம் அதற்குக் கீழும். "வளர்ந்துவிடுவான்" என்று பையனுக்குப் பெரிய எண்ணாக வாங்காதீர்கள், மணிக்கட்டு கெட்டுவிடும்.

உள்நாட்டில் விற்கும் ஷினாய் 1,500 ரூபாய்க்கு மேல் கிடைக்கும். படத்தைப் பார்த்து வாங்குவதாக இருந்தால், நான்கு தனித்தனி மூங்கில் பட்டைகள், நுனியில் தோல் தொப்பி, கைப்பிடியில் தோல் உறை, இரண்டையும் இணைக்கும் நாண், நடுவில் ஒரு தோல் முடிச்சு ஆகிய எல்லாம் இருக்கின்றனவா என்று பாருங்கள். அலங்காரத்துக்கு விற்கும் ஒற்றை மூங்கில் தடி ஷினாய் ஆகாது.

நம் ஊர்க் காற்று மூங்கிலுக்கு எதிரி. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்றிலும் கோடையிலும் பட்டைகள் உலர்ந்து சிம்பு கிளம்பும். வாங்கியதும் பிரித்து, பட்டைகளின் ஓரங்களை நைஸ் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, ஆளிவிதை எண்ணெயைத் துணியில் தொட்டு மெல்லியதாகப் பூசி, ஒரு நாள் நிழலில் வைத்துவிட்டுத் திரும்பக் கட்டுங்கள். மாதம் ஒருமுறை இப்படிச் செய்யலாம். அந்த எண்ணெய்த் துணியைச் சுருட்டி மூலையில் போட்டுவிடாதீர்கள். ஆளிவிதை எண்ணெய் ஊறிய துணி தானாகச் சூடேறித் தீப்பிடிக்கக்கூடியது. தண்ணீரில் நனைத்து, விரித்து வெளியே காயவைத்த பிறகு எறியுங்கள்.

ஒவ்வொரு வகுப்புக்கும் முன் கையால் வருடி அல்ல, கண்ணால் பார்த்து, அப்புறம் பட்டைகளை அழுத்திப் பார்த்து விரிசல் தேடுங்கள். விரிசலுக்கு டேப் சுற்றுவது கூடவே கூடாது. விரிசல் விட்ட பட்டையை மாற்றத்தான் வேண்டும்.

7. உடை: முக்கால்வாசி இங்கேயே முடிந்துவிடும்

முதல் சில மாதம் டிராக் பேன்ட்டும் டி-ஷர்ட்டும் போதும். கராத்தே உடை வைத்திருந்தால் அதையே போடலாம். பிறகு கெய்கோகி எனப்படும் தடித்த பருத்தி மேலாடையும், ஹகாமா எனப்படும் மடிப்பு வைத்த அகலமான கீழாடையும் வேண்டும். ஜப்பானிலிருந்து ஆரம்பநிலை செட் 8,000 முதல் 12,000 யென் ஆகும், கூரியர் தனி.

ஹகாமாவை இங்கேயே தைக்க முடியும். திருப்பூரிலோ ஈரோட்டிலோ நல்ல டெய்லர் ஒருவரிடம் இரவல் ஹகாமா ஒன்றைக் கையில் கொடுத்துவிடுங்கள். படத்தைக் காட்டித் தைக்கச் சொன்னால் சரியாக வராது. முன்னால் ஐந்து மடிப்பு, பின்னால் இடுப்பில் விறைப்பான ஒரு பட்டை. அந்தப் பட்டையில்தான் தடுமாறுவார்கள். சட்டைக் காலருக்கு வைக்கும் கேன்வாஸை இரண்டு மூன்று அடுக்காக வைத்துத் தைத்தால் நிற்கும். பாலியஸ்டர் கலந்த துணி எடுத்தால் மடிப்பு கலையாது, சாயமும் போகாது. அவுரிச் சாயம் போட்ட பருத்தி அழகு, ஆனால் முதல் சில துவைப்புக்கு மற்ற துணியோடு சேர்க்க முடியாது. வெறும் குளிர்ந்த தண்ணீரில் அலசி நிழலில் போட வேண்டும்.

முகக்கவசத்துக்கு அடியில் தலையில் கட்டும் தெனுகுய் துண்டுக்கு ஜப்பானுக்குப் போக வேண்டியதே இல்லை. ஏறக்குறைய 35 சென்டிமீட்டர் அகலம், 90 சென்டிமீட்டர் நீளத்தில் மெல்லிய பருத்தித் துணி, அவ்வளவுதான். ஈரோட்டு ஜவுளிச் சந்தையில் வாங்கும் மெல்லிய துண்டை அளவாக வெட்டி ஓரம் அடித்தால் வேலை முடிந்தது. இயாய்டோவுக்கு வாளைச் செருகும் அகலமான இடுப்புக் கச்சையையும் இதே டெய்லரிடம் தைத்துக்கொள்ளலாம்.

8. கவசம்: அளவும் கூரியரும்

ஆசிரியர் "இனி வாங்கலாம்" என்று சொல்லும்வரை கவசம் வாங்காதீர்கள். வாரம் இரண்டு முறை வருபவர்களுக்கு நான்கிலிருந்து ஆறு மாதம் ஆகும். அதுவரை குழுவில் இரவல் கவசம் இருந்தால் அதைப் போட்டுப் பாருங்கள்.

போகு என்பது நான்கு பொருள்: முகத்துக்கு மென், கைகளுக்கு கொத்தே, மார்புக்கு தோ, இடுப்புக்கு தாரே. புதிய ஆரம்பநிலை செட் ஜப்பானிலிருந்து 35,000 முதல் 60,000 யென். கூரியர், சுங்கத்தீர்வை, ஜிஎஸ்டி எல்லாம் சேர்த்தால் கையில் 40,000 ரூபாயாவது வைத்துக்கொண்டு இறங்குங்கள். ஊர் மாறிப்போகும் ஐடிக்காரர்களும், ஊர் திரும்பும் ஜப்பானியர்களும் விற்கும் பழைய செட் பாதி விலைக்குக் கிடைக்கும். பழையதை வாங்கும்போது கொத்தேயின் உள்ளங்கைத் தோலில் ஓட்டை இருக்கிறதா, மென்னின் கம்பி வளைந்திருக்கிறதா என்று பாருங்கள். தோல் ஓட்டையைத் தைத்துக்கொள்ளலாம். கம்பி வளைந்திருந்தால் வாங்க வேண்டாம்.

அளவெடுக்க டெய்லர் டேப் போதும். தலையைச் சுற்றி நெற்றி மட்டத்தில் ஓர் அளவு. உச்சந்தலையிலிருந்து காதுக்கு முன்னால் இறங்கி, தாடைக்கு அடியில் போய், மறுபக்கம் ஏறி உச்சிக்கே வரும் சுற்றளவு இன்னொன்று. கைக்கு மணிக்கட்டு மடிப்பிலிருந்து நடுவிரல் நுனி வரை, உள்ளங்கையின் சுற்றளவு. மார்பும் இடுப்பும் வழக்கம்போல. முகத்தின் அளவு இரண்டையும் இரண்டு பேர் தனித்தனியாக எடுத்துப் பாருங்கள். மென் சரியாக உட்காராவிட்டால் அடி விழும்போது தலைக்குள் அதிரும், கம்பிகளுக்கு இடையே பார்க்கும் கோடும் தப்பும். கண்ணாடி போடுபவர்கள் கடைக்கு எழுதும்போதே அதைச் சொல்லுங்கள்.

ஆர்டர் போடும் முன் வங்கிச் செயலியில் கார்டின் வெளிநாட்டுப் பரிவர்த்தனையைத் திறந்து, உச்சவரம்பையும் உயர்த்தி வையுங்கள். பொருள் இந்தியாவுக்குள் வந்ததும் கூரியர் நிறுவனம் அடையாளச் சான்று கேட்கும். ஆதார் அல்லது பாஸ்போர்ட், பான் கார்டு, பணம் கட்டிய ரசீது ஆகியவற்றை ஸ்கேன் செய்து தயாராக வைத்திருங்கள். ஆதாரில் உள்ள பெயரும் ஆர்டரில் உள்ள பெயரும் ஒரே மாதிரி இருக்கட்டும். இனிஷியல் முன்னால் பின்னால் மாறியிருந்தால்கூடப் பொருளை நிறுத்திவைத்துக் கேள்வி கேட்கிறார்கள். எங்கள் குழுவில் ஒருவரின் பெட்டி இதற்காகவே வாரக்கணக்கில் கிடந்தது. தாமதத்துக்குக் கிடங்கு வாடகையும் சேர்த்து வசூலித்தார்கள்.

ஷினாயையும் சேர்த்து வரவழைத்தால், பொருள் விவரத்தில் "வாள்" என்று மட்டும் எழுதாமல், "கெண்டோ விளையாட்டுக்கான மூங்கில் பயிற்சித் தடி" என்று முழுதாக எழுதச் சொல்லிக் கடைக்காரருக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். விலையைக் குறைத்துக் காட்டச் சொல்லாதீர்கள். பிடிபட்டால் அபராதம்; தொலைந்தால் ஈடும் அந்தக் குறைந்த விலைக்குத்தான். தீர்வை கட்டச் சொல்லி வரும் குறுஞ்செய்தியின் இணைப்பைத் தொடவே வேண்டாம். கூரியர் நிறுவனத்தின் இணையதளத்தில் கண்காணிப்பு எண்ணைப் போட்டு, அங்கே காட்டும் தொகையை மட்டும் கட்டுங்கள். ஆர்டரிலிருந்து கைக்கு வரும்வரை நான்கிலிருந்து எட்டு வாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வந்த கவசத்தை வெயிலில் காயவைக்காதீர்கள், தோல் விறைத்துவிடும். நிழலில், மின்விசிறிக் காற்றில். ஐப்பசி மழையில் பூஞ்சை பிடிக்கும், அந்த மாதங்களில் பைக்குள் மூடி வைக்கவே வேண்டாம்.

9. நிஜ வாள்: சட்டத்தைத் தெரிந்துகொண்டு, கடைசியில்

இயாய்டோவுக்கும் தொடக்கத்தில் பொகுடோ எனப்படும் மரவாள் போதும். பிளாஸ்டிக் உறையோடு விற்கும் மரவாளில் உருவுவதையும் திரும்ப இடுவதையும் பழகலாம். ஓராண்டு கழித்து இயாய்தோ எனும் பயிற்சி வாள் பற்றி யோசியுங்கள். கலையின் பெயரும் வாளின் பெயரும் ஒலியில் நெருக்கம், கடைக்கு எழுதும்போது "கூர் இல்லாத உலோகப் பயிற்சி வாள்" என்றே சொல்லுங்கள். அது துத்தநாக அலுமினியக் கலவையில் செய்தது, கூர் தீட்ட முடியாதது. ஆனால் நுனி குத்தும். உறைக்குள் இடும்போது இடது கையைக் கிழிக்கும்.

சுற்றுலா இடங்களிலும் இணையக் கடைகளிலும் 2,000, 3,000 ரூபாய்க்கு விற்கும் "சாமுராய் கட்டானா"வை வீசிப் பழகவே கூடாது. அது சுவரில் மாட்டச் செய்தது. கைப்பிடிக்குள் போகும் இரும்பு ஒரு மெல்லிய கம்பி அளவுதான் இருக்கும். வேகமாக வீசினால் அலகு கழன்று பறக்கும். எதிரே யார் நிற்கிறார்களோ அவர்கள்மேல் பாயும்.

சட்டம்: 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டமும் 2016-ஆம் ஆண்டின் ஆயுத விதிகளும் வாளை ஆயுதப் பட்டியலில் வைத்திருக்கின்றன. வெளிநாட்டிலிருந்து ஆயுதம் கொண்டுவர அந்தச் சட்டத்தின் 10-ஆம் பிரிவின்படி உரிமம் வேண்டும். கூர் இல்லாத பயிற்சி வாளாக இருந்தாலும், சுங்கத்தில் பெட்டியைத் திறப்பவருக்கு அது வாளாகத்தான் தெரியும். ஆகவே பணம் கட்டும் முன்பே எழுத்தில் கேளுங்கள். கோவை, திருப்பூர், சேலம் மாநகரங்களில் காவல் ஆணையர் அலுவலகம், மற்ற இடங்களில் மாவட்ட ஆட்சியர் அலுவலகம். வாளின் படம், "கூர் இல்லை" என்ற விற்பனையாளர் கடிதம், உங்கள் குழுவின் கடிதம் மூன்றையும் மனுவோடு இணையுங்கள். பதில் வரும்வரை மரவாளில் பழகுங்கள்.

பயணத்தில் ஷினாயோ மரவாளோ எதுவானாலும் பைக்குள் மூடியே இருக்கட்டும். பஸ் ஸ்டாண்டில் உருவிக் காட்டுவதும், பொதுப் பூங்காவில் வீசிப் படமெடுப்பதும் வேண்டாம். குழு உறுப்பினர் அட்டை இருந்தால் பையிலேயே வையுங்கள். தேர்தல் கால வாகனச் சோதனையில் விளக்கம் சொல்ல உதவும். விமானத்தில் இவை எதையும் கைப்பையாக எடுத்துப்போக முடியாது, செக்-இன் செய்ய வேண்டும்.

10. கிரேடுத் தேர்வுக்கு எப்போது

முதலில் கியூ எனப்படும் தொடக்கநிலைத் தரங்கள், பிறகு டான். கியூக்களில் உயர்ந்ததான முதல் கியூ வாங்கிய பிறகுதான் முதல் டான் தேர்வு எழுத முடியும். 13 வயதாவது நிரம்பியிருக்க வேண்டும். ஒழுங்காக வருபவர்களுக்கு முதல் டானுக்கு இரண்டு மூன்று ஆண்டு பிடிக்கும். தேர்வாளர்கள் பலர் ஒன்றுசேர வேண்டும் என்பதால் நம் பகுதியிலேயே தேர்வு நடக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். பெரிய நகரத்தில் நடக்கும் முகாமோடு சேர்த்துத்தான் பெரும்பாலும் நடக்கும். கட்டணம், ரயில், இரண்டு இரவு தங்கல் எல்லாம் சேர்த்து 6,000 முதல் 10,000 ரூபாய் வரை ஒதுக்குங்கள். பெங்களூருவுக்குக் கோவையிலிருந்து வந்தே பாரத்தில் ஆறரை மணி நேரம் போல ஆகும். தேர்வு தேதி தெரிந்த அன்றே டிக்கெட் எடுத்துவிடுங்கள்.

தேர்வில் சண்டைப் பயிற்சியோடு மரவாள் கொண்டு செய்யும் கத்தாவும் (வகுத்துவைத்த அசைவு வடிவங்கள்) உண்டு, எழுத்துத் தேர்வும் இருக்கும். கத்தாவைக் கடைசி மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். அது இருவர் சேர்ந்து செய்வது. துணை கிடைத்து, நேரம் ஒத்துவந்து பழகவே மாதங்கள் ஆகும். பழைய கியூ சான்றிதழ்களின் அசலும் நகலும் கையில் இருக்கட்டும்.

11. உங்கள் ஊரில் குழுவே இல்லையென்றால்

ஈரோடு, திருப்பூர்க்காரர்கள் ஞாயிறு காலை ரயிலில் கோவைக்கு வந்து போகலாம். எங்களோடு அப்படி வருபவர்கள் இருக்கிறார்கள். வாரம் ஒருமுறை வகுப்பு, மற்ற நாட்களில் வீட்டில் கண்ணாடி முன் கால்வைப்பும் சுபுரியும் என்று பிரித்துக்கொண்டால் முன்னேற முடியும். வீட்டில் வீசும் முன் மின்விசிறியின் உயரத்தைப் பாருங்கள்.

நாமக்கல், கரூர், தாராபுரம் பக்கம் இருப்பவர்களுக்கு வாராவாரம் வருவது கஷ்டம். மாதம் ஒருமுறை வந்து திருத்திக்கொண்டு, இடையில் உங்கள் வீச்சைப் பக்கவாட்டிலிருந்து படமெடுத்து ஆசிரியருக்கு அனுப்புங்கள். வீடியோ பார்த்துத் தானாகத் தொடங்குவதை மட்டும் செய்ய வேண்டாம். ஓராண்டு தவறாகப் பழகிய வலது கையைத் திருத்த அதைவிட அதிக நாள் ஆகிறது. எங்களிடம் அப்படி வந்தவர்கள் பட்ட பாட்டைப் பார்த்திருக்கிறேன்.

ஊரில் ஐந்தாறு பேர் சேர்ந்துவிட்டால் தரை பிடிப்பது எளிது. பேட்மின்டன் கோர்ட்டுக்காரரிடம் மதியம் 2 முதல் 4 வரை கேளுங்கள். ஆட்டக்காரர்கள் வராத நேரம் என்பதால் வாடகை குறைத்துத் தருவார்கள். வெறுங்காலில் வருவோம், தரையைக் கூட்டித் துடைத்துவிட்டுத்தான் தொடங்குவோம், முடித்த பிறகும் துடைப்போம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். குழுவின் பெயரில் வங்கிக் கணக்கு வேண்டுமென்றால் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-இன்படி பதிவு செய்யலாம். குறைந்தது 7 பேர் வேண்டும். முதல் ஆண்டு அதெல்லாம் தேவையில்லை. ஒரு நோட்டில் வரவு செலவு எழுதி, மாதம் ஒருமுறை எல்லோரிடமும் கையெழுத்து வாங்கிவந்தால் போதும்.